டி குறியைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதே

பட்டறையில் வேலை பழக வரும் பையனிடம் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறோம்: "பொறுமையா செய்டா தம்பி." அவனும் "சரிண்ணே" என்று தலையை ஆட்டுகிறான். அடுத்த நிமிடமே எஞ்சின் கவர் ஸ்க்ரூவின் தலையைச் சிதைத்துவிட்டு நிற்கிறான். பர்மியர்களுக்கும் வாய்க்கு வாய் "ப்யேப்யே"தான். வழியனுப்பும்போதுகூட "ப்யேப்யே துவா", மெதுவாகப் போய் வா என்பார்கள். மெதுவாகச் செய்வதும் பொறுமையாகச் செய்வதும் ஒன்றுதானா என்ற கேள்வி ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு போல்ட்டை மெதுவாகவே முறிக்கலாம். கோபமே இல்லாமல், நிதானமாக, ஒரு வால்வைத் தப்பான நிலையில் வைத்து அட்ஜஸ்ட் செய்துவிட்டும் போகலாம். எஞ்சின் வேலையில் பொறுமை என்பது பிறவிக் குணம் என்று நான் நினைக்கவில்லை. சில குறிப்பிட்ட இடங்களில் கையை எடுத்துவிடத் தெரிவதற்குத்தான் அந்தப் பெயர். அந்த இடங்கள் எவை என்று விரல்விட்டுக் காட்ட முடியும். காட்டிக்கொடுக்காமல் "பொறுமை, பொறுமை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது, பழக வந்த பிள்ளைக்கு நாம் செய்கிற அநியாயம்.

எந்த எஞ்சினைப் பற்றிப் பேசுகிறேன் என்று இங்கே பர்மாவில் மோல்மேன் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரங்கூன் நகருக்குள் பைக்குக்குத் தடை. இங்கே முடோன், தன்பியூசயாட், தாட்டோன் என்று எந்தத் திசையில் போனாலும் பைக் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. தாய்லாந்திலிருந்து வந்த ஹோண்டா வேவ், ட்ரீம் ஆகட்டும், சீனாவில் செய்த 110, 125 ஆகட்டும், பெரும்பாலானவற்றின் அடியில் கிடப்பது ஒரே குடும்பம்தான். ஹோண்டா 1958இல் சூப்பர் கப் வண்டியில் வைத்த, முன்பக்கம் பார்த்துப் படுத்திருக்கும் ஒற்றைச் சிலிண்டர். அன்று அதில் வால்வை இயக்கும் நீளக் கம்பியான புஷ்ராடு இருந்தது. பிறகு வால்வைத் திறக்கவைக்கும் கேம், சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டுக்குள் ஏறியது, அதைச் சுற்ற டைமிங் செயின் வந்தது. அமைப்பு அவ்வளவு எளிது. பிரேமிலிருந்து இறக்காமலேயே ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிவிடலாம். அந்த எளிமைதான் அவசரத்தையும் கூட்டிவருகிறது. கீழே நான் சொல்லும் அளவுகள் 97 சிசி வேவ் வகைக்கானவை: போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 49.5. உங்கள் வண்டி 125 என்றால் வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் சந்து) முதற்கொண்டு மாறும், அதற்குரிய கையேட்டைப் பாருங்கள்.

திறப்பதற்கு முன்னால்

பெரிய தவறுகளில் பாதி, ஸ்பானரைக் கையில் எடுத்த நேரத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. வண்டி இழுக்கவில்லை, காலையில் கிளம்பவில்லை என்று கொண்டுவருவார்கள். "ரிங் போயிடுச்சு, ஹெட்டைத் திறக்கணும்" என்று வாயில் வந்துவிடும். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். மழைக்காலத்தில் இந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். சாலையோரத்தில் பாட்டிலில் வாங்கி ஊற்றும் பெட்ரோலோடு தண்ணீரும் வந்துவிடுவது உண்டு. பெட்ரோல் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் முத்து முத்தாக நிற்கும். அது தெரிந்தால் வேலை டேங்கிலும் கார்புரேட்டரிலும்தான். ரிங் மேல் பழி போட வேண்டாம்.

புகை வந்தால் அது எப்போது வருகிறது என்று பார்க்கப் பொறுமை வேண்டும், அதற்கு வண்டியை ஓட்டித்தான் ஆக வேண்டும். முறுக்கி இழுக்கும்போது நீலமாகப் புகைந்தால் ரிங்கையும் போரையும் சந்தேகிக்கலாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு வந்து, மறுபடி முறுக்கும் கணத்தில் ஒரு குப் என்று புகைந்து அடங்கினால் வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ஸ்டெம் சீலைப் பாருங்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் இருந்தால் ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, ஊசி மேலே ஏறாமல் நிற்கும்வரை கிக் அடித்து அளவெடுக்க வேண்டும். குறைவாக இருந்தால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்வார்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். நிமிர்ந்து நிற்கும் சிலிண்டருக்கு இது சரியான சோதனை. நம்முடையது படுத்த சிலிண்டர், ஆயில் கீழ்ச்சுவரில்தான் தேங்கும். சாவியை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மெல்லக் கிக்கை அமுக்கி ஆயிலைப் பரவவிட்டு, அதன் பிறகு அளந்தால் ஓரளவு நம்பலாம். அப்போதும் இந்த ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. வால்வு இடைவெளி சரியாக இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுகிப்போன வால்வும் கம்ப்ரெஷனைத் தின்றுவிடும், அதைச் சரிசெய்ய ஹெட்டைக் கழற்ற வேண்டியதே இல்லை.

மழை தின்ற மரை

மோல்மேனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மே முதல் அக்டோபர் வரை ஈரத்திலேயே நிற்கும் வண்டியில் இரும்பு போல்ட்டும் அலுமினியம் கேசும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டுவிடும். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக மரையில் அடைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட போல்ட்டோடு பலப்பரீட்சை வைத்தால் தோற்பது போல்ட்தான், ஆனால் செலவு நமக்கு. முந்தின நாள் சாயங்காலமே துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட வேண்டும். காலையில் போல்ட்டின் தலையில் நேராக இரண்டு மூன்று தட்டு தட்ட வேண்டும். அந்த அதிர்ச்சியில் மரைக்குள் மயிரிழை விரிசல் விட்டு எண்ணெய் இறங்கும். ஸ்பானரை வைத்ததும் இடப்பக்கம் இழுக்காமல் முதலில் வலப்பக்கம், இறுக்கும் திசையில், துளி அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அரைச் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மறுபடி அரைச் சுற்று என்று முன்னும் பின்னுமாக வெளியே கொண்டுவரலாம். "கிறீச்" என்று சத்தம் வந்து, இழுக்க இழுக்க ரப்பர் போல முறுக்கிக்கொண்டு வந்தால் நிறுத்துங்கள். போல்ட் சுற்றவில்லை, முறுகுகிறது. இன்னும் கால் சுற்றில் தலை கையோடு வந்துவிடும். கேசைச் சூடாக்கி (பெட்ரோல் குழாயையும் கிண்ணத்தையும் முதலில் அப்புறப்படுத்திவிட்டு) மறுபடி எண்ணெய் விட வேண்டிய நேரம் அது.

கவர் ஸ்க்ரூக்களில் தலை சிதைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பான் வண்டிகளிலும் அவற்றைப் பார்த்துச் செய்தவற்றிலும் இருக்கும் கூட்டல்குறித் தலை ஜப்பான் அளவில் வெட்டியது. கடையில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதன் அடிவரை இறங்காது. பலம் கொடுத்ததும் மேலே ஏறி வழுக்கும். முதல் வழுக்கலிலேயே நிறுத்துகிறவன் ஸ்க்ரூவைக் காப்பாற்றிவிடுவான். சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரில் 3ஆம் எண் பிட்டை மாட்டி, நேராகப் பிடித்து, ஒரே ஒரு நல்ல அடி போதும். பலர் மூன்றாவது வழுக்கலுக்குப் பிறகுதான் அதைத் தேடுகிறார்கள். அதற்குள் தலையில் பிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

திரும்ப இறுக்கும்போதும் அதே கவனம் வேண்டும். 6 மில்லிமீட்டர் கவர் போல்ட்டுக்கு வேண்டியது சுமார் 10 நியூட்டன் மீட்டர். பத்து சென்டிமீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் பத்து கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவுதான். இருபது சென்டிமீட்டர் கைப்பிடியில் உடம்பைச் சாய்த்து இழுத்தால் அலுமினிய மரை உரிந்து கையோடு வந்துவிடும். உரிந்த பிறகு 6.3 மில்லிமீட்டர் டிரில் போட்டு, அதற்கான டேப்பால் மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை இறக்க வேண்டும். நல்ல வேலைதான், முதலில் இருந்த மரையைவிட உறுதியாகவே நிற்கும். ஆனால் டிரில் ஒரு பாகை சாய்ந்தாலும் கவர் உட்காராது.

பிளக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினில் 10 மில்லிமீட்டர் மரை கொண்ட சின்ன பிளக். எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றவே கூடாது. மாட்டும்போது ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே வாஷர் தொடும்வரை போக வேண்டும். புது பிளக் என்றால் அங்கிருந்து அரைச் சுற்று, பழையது என்றால் கால் சுற்றுக்குள். இரண்டாவது மரையிலேயே விரலுக்கு இறுக்கமாகத் தோன்றினால் பிளக் குறுக்கு மரையில் ஏறுகிறது என்று பொருள். வெளியே எடுங்கள்.

கை நின்ற இடம்

இப்போது, இந்தக் கட்டுரையை எழுத வைத்த இடத்துக்கு வருகிறேன். ஹெட்டையும் சிலிண்டரையும் மாட்டியாகிவிட்டது. நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தவணையில் இறுக்கியாகிவிட்டது. மிச்சம் இருப்பது கேம் சக்கரத்தைச் செயினோடு சேர்த்து மாட்டுவது. இடப்பக்க மேக்னட் கவரில் இருக்கும் மூடியைத் திறந்து, ப்ளைவீல் நட்டில் ஸ்பானரை மாட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ப்ளைவீலில் எஃப் என்று ஒரு குறி வரும், அது இக்னிஷனுக்கு. அடுத்து வரும் டி குறியைத்தான் கேசில் இருக்கும் வெட்டோடு நேர்ப்படுத்த வேண்டும். பிஸ்டன் இப்போது உச்சியில். கேம் சக்கரத்தில் இருக்கும் வட்டக் குறி ஹெட்டில் இருக்கும் வெட்டுக்கு நேராக வரவேண்டும்.

டி குறி அரை மில்லிமீட்டர் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய கையும் உடனே பின்னால் திருப்பத்தான் போகும். அங்கே கையை எடுக்க வேண்டும். பின்னால் திருப்பினால் செயினின் இழுவிசைப் பக்கம் தளர்ந்து, தளர்ச்சி தவறான பக்கத்துக்கு மாறிவிடும். ப்ளைவீல் குறி சரியாகத் தெரியும், கேம் குறி ஏமாற்றும். ஆகவே முன்னாலேயே இன்னும் இரண்டு முழுச் சுற்று போய், மறுபடி மெல்ல அணுக வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஆகும் நேரம் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியைச் செலவழிக்க மனம் வராத பிடிவாதத்தைத்தான் நான் அவசரம் என்கிறேன். மேசை மேல் டீயை ஆறவிட்டு வேகவேகமாக வேலை செய்பவனிடம் அது இல்லாமலும் இருக்கலாம். நாள் முழுக்க ஒரே எஞ்சின் முன்னால் உட்கார்ந்திருப்பவனிடம் இருக்கவும் இருக்கலாம்.

ஒரு பல் தவறினால் என்ன ஆகும்? 28 பல் உள்ள கேம் சக்கரத்தில் ஒரு பல் என்பது கேமில் ஏறக்குறைய 13 பாகை, கிராங்கில் 26 பாகை. இவ்வளவு தவறினாலும் பெரும்பாலும் வால்வு பிஸ்டனில் மோதாது. அதுதான் ஆபத்து. வண்டி கஷ்டப்பட்டுக் கிளம்பும், மேட்டில் திணறும், சைலன்சரில் வெடிக்கும். உடனே சந்தேகம் கார்புரேட்டர் மேல் போகும்; ஜெட்டை மாற்றுவார்கள், பிறகு பிளக்கை, பிறகு பிளக்குக்குப் பொறி தரும் சி.டி.ஐ. பெட்டியை. மூன்று நல்ல பாகங்களை மாற்றிய பிறகும் குற்றவாளி கேம் மூடிக்குள் பத்திரமாக இருப்பான். இரண்டு மூன்று பல் தவறினால் வேறு கதை. அங்கேதான் வால்வும் பிஸ்டனும் சந்திக்கின்றன.

அதனால் கேம் சக்கரத்தின் போல்ட்டுகளை இறுக்கியதும், கிக்கைத் தொடாமல், பிளக்கைக் கழற்றிவிட்டு, ப்ளைவீல் நட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கை எதற்குக் கழற்ற வேண்டும் என்று பையன்கள் கேட்பதில்லை, கேட்க வேண்டும். பிளக் இருந்தால் கம்ப்ரெஷன் எதிர்க்கும்; எதிர்ப்பு காற்றுடையதா இரும்புடையதா என்று கைக்குத் தெரியாது. பிளக் இல்லாவிட்டால் காற்று வெளியேறிவிடும், வால்வு ஸ்பிரிங்கின் மெல்லிய தள்ளல் மட்டும் மிஞ்சும். அதற்கு மேல் எது தடுத்தாலும் அது இரும்பு. அந்தத் தடை எப்படி இருக்கும் என்று ஒருமுறை உணர்ந்த கை மறக்காது: பஞ்சு மாதிரி அமுங்காது, சுவரில் முட்டினது போல "டிக்" என்று நிற்கும். அப்போது கை தானாக இன்னும் கொஞ்சம் அழுத்தப் பார்க்கும். எதிர்த்தால் அழுத்துவது என்று நாள் முழுக்கப் பழகிய கை அது. அந்த ஒரு கணத்தில் ஸ்பானரை விட்டுவிட்டவனுக்குச் சேதம் ஒன்றுமில்லை. கேம் சக்கரத்தைக் கழற்றி, செயினை நகர்த்தி, மறுபடி மாட்டலாம். இருபது நிமிட வேலை. அதை உணரும் முன்பே கிக்கில் உடம்பு எடையோடு ஏறி மிதித்தவனுக்கு வால்வு ஸ்டெம் வளைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கம்ப்ரெஷன் இருக்காது, ஹெட் மறுபடி கழற வேண்டும், புது பேக்கிங், புது வால்வு, வால்வுத் தண்டு ஓடும் கைடையும் பார்க்க வேண்டும்.

எந்த அறிவுரையையும் விட இந்தத் தடைதான் பையனுக்கு நல்ல வாத்தியார் என்பது என் உறுதியான எண்ணம். பழைய, எறியப்போகிற எஞ்சின் ஒன்றில் வேண்டுமென்றே மூன்று பல் தள்ளி மாட்டி, பிளக்கை எடுத்துவிட்டு, அவன் கையாலேயே மெல்லச் சுற்ற வையுங்கள். "டிக்" என்று நிற்பதை அவன் விரல் தெரிந்துகொள்ளட்டும். நூறு முறை திட்டுவதைவிட அது மேல்.

சத்தமில்லாத வால்வு

டி குறி கேமின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வரும்: ஒருமுறை கம்ப்ரெஷன் முடிவில், ஒருமுறை எக்ஸாஸ்ட் முடிவில். இடைவெளி அளக்க வேண்டியது கம்ப்ரெஷன் முடிவில் மட்டும்; இரண்டு ராக்கரும் அப்போது விரலுக்குத் துளி ஆடும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. இடைவெளி இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர். ஃபீலர் தகடு இலேசான உரசலோடு நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்ட் ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பிறகு தகடு விட்டு இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும். எஞ்சின் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும் என்பது விதி. சித்திரை மாதம் இங்கே பகலில் நிழலே அந்தச் சூட்டைத் தொட்டுவிடுகிறது. வண்டியை முந்தின இரவே நிறுத்திவிட்டு விடியற்காலையில் செய்யுங்கள்.

வண்டிக்காரர் "அண்ணே, டக் டக்னு சத்தம் வருது, இறுக்கி விடுங்க" என்பார். இறுக்கினால் சத்தம் போகும், அவரும் சந்தோஷமாகப் போவார். வால்வு சூட்டில் நீண்டு, சீட்டில் முழுசாக உட்காராமல், சூட்டைச் சீட்டுக்குக் கடத்த முடியாமல் ஓரம் கருகத் தொடங்கும். சத்தம் போடுகிற வால்வு பிழைத்துக்கொள்ளும், ஊமை வால்வுதான் கருகும். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் கூலிக்குள் அடக்கம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வால்வு அரைக்கும்போதும் கண்ணை நம்பாதீர்கள். சீட்டில் சுமார் 1 மில்லிமீட்டர் அகலத்தில், விட்டுப்போகாத சாம்பல் வளையம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, கிரைண்டிங் பேஸ்ட்டை மண்ணெண்ணெயால் கழுவி, பிறகு சோப்புத் தண்ணீராலும் கழுவ வேண்டும். கைடுக்குள் மிஞ்சிய பேஸ்ட் ஓடும் எஞ்சினிலும் அரைத்துக்கொண்டே இருக்கும். வால்வையும் ஸ்பிரிங்கையும் மாட்டி, பிளக்கையும் போட்டு, ஹெட்டைக் குழி மேலே பார்க்க வைத்து மண்ணெண்ணெய் நிரப்புங்கள். ஒரு லப்பெயே, பர்மியத் தேநீர், குடித்துவிட்டு வரும் நேரம், பத்து நிமிடம், விட்டுவிட்டு வந்து போர்ட்டுகளைப் பாருங்கள். ஈரம் கசிந்திருந்தால் மறுபடி அரைக்க வேண்டும்.

சின்ன விஷயங்கள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் பின்னின் சர்க்கிளிப்பை எடுக்கும் முன் கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடையுங்கள். தெறித்து உள்ளே விழுந்தால் எஞ்சினையே இறக்கிப் பிளக்க வேண்டி வரலாம். பழைய கிளிப்பை மறுபடி போட வேண்டாம். பிஸ்டன் தலையில் ஐஎன் என்ற குறி இன்டேக் பக்கம், அதாவது மேலே. ரிங்கில் எழுத்துள்ள பக்கம் பிஸ்டன் தலையைப் பார்த்து, வாய்கள் 120 பாகை தள்ளித் தள்ளி. பேக்கிங்குக்குப் பதிலாகவோ அதற்கு மேலேயோ சிலிகான் பசையைத் தாராளமாகப் பூசுகிறார்களே, பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து ஆயில் வலையை அடைக்கும். ஆயில் ஏறும் வழியில் இருக்கும் சின்ன ஓ-ரிங்கை மறந்தால் ஹெட்டுக்கு ஆயில் குறையும். கேம் வறண்டு தேயும். மேசையில் ஒரு ஓ-ரிங் மிஞ்சியிருக்கிறது என்றால் "எக்ஸ்ட்ரா வந்திருக்கும்" என்று தள்ளாதீர்கள்.

எல்லாம் மாட்டியபின் 0.9 லிட்டர் ஆயில் ஊற்றுங்கள். 0.7 என்பது வெறும் ஆயில் மாற்றத்துக்கு. பிரித்து மாட்டிய எஞ்சினுக்குப் போதாது. பிளக் இல்லாமல் இருபது முப்பது கிக், ஆயில் மேலே ஏறட்டும். பிறகு பிளக் போட்டுக் கிளப்பி, ஐட்லிங்கில் வைத்து, மேல் வால்வு மூடியைத் திறந்து ராக்கர் நனைகிறதா என்று பாருங்கள். நனையவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். நனைந்தால் மூடியை மாட்டி ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வண்டிக்காரர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். சாவியைக் கொடுக்காதீர்கள். எஞ்சின் இரவு முழுக்க ஆறட்டும்; காலையில் ஏழு மணிக்கு முன்னால் இடைவெளியை இன்னொரு முறை அளந்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.